பொய்யானால் என் நாக்கு

கமுதி பக்கம்,
9 ஜூன் 2024

அக்கா அமுதவள்ளிக்கு,

தர்மராஜ் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பத்து வருஷம் கழித்து எழுதுகிறேன் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

போனில் பேசலாம்தான். உன் நம்பர் என் வீட்டுக்காரி கலைச்செல்வியிடம் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் வைத்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் எனக்கு இப்போது பேச்சு குழறுகிறது. வாட்ஸப்பில் எழுதினால் அது எத்தனை பேர் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நீயும் தாளிலேயே பதில் போடு. உறையின் மேல் உன் பெயர் வேண்டாம்.

தை மாசம் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. உடைந்த கடைவாய்ப் பல் உரசி வந்த புண் என்று மெடிக்கலில் மருந்து வாங்கித் தடவிக்கொண்டிருந்தேன். ஆறவில்லை. சித்திரையில் மதுரைக்குப் போனேன். துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தில் இடது பக்கம் நெறி கட்டியிருக்கிறது. நோய் அங்கேயும் இறங்கிவிட்டதாம்.

டாக்டர் சொன்னது இதுதான். நாக்கில் பாதியை வெட்ட வேண்டும். கழுத்தைத் திறந்து அந்தப் பக்கத்து நெறிகளை எல்லாம் எடுக்க வேண்டும். கையிலிருந்து சதை எடுத்து நாக்கில் ஒட்டுவார்கள். அதன் பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு, நம் ஆட்கள் சொல்கிற கரண்டு, வைக்க வேண்டும். இப்போதே செய்தால் பத்துப் பேரில் ஆறு பேர் பிழைக்கிறார்கள், பேச்சும் முக்கால்வாசி திரும்பி வரும் என்றார். இந்த மாசக் கடைசிக்குள் வந்து படுக்கச் சொல்கிறார்.

நான் இன்னும் சரி சொல்லவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஆத்தாவின் கருமாதி அன்று கருப்பசாமி கோயிலில் நான் சூடம் அணைத்துச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "அமுதா என் பொணத்தைத் தொடக்கூடாதுன்னு ஆத்தா சாகும்போது என்கிட்ட சொல்லுச்சு. இது பொய்யினா என் நாக்கு அழுகிப் போகட்டும்" என்றேன். ஊரே நின்று கேட்டது. இன்றைக்கு அதே நாக்கை அறுத்துக்கொண்டு அதே ஊருக்குள் வந்தால் என்ன பேசுவார்கள்? நான் கோயில் கமிட்டியில் இருக்கிறேன். ஊர்க்கூட்டத்தில் என் சொல்லைக் கேட்டுத்தான் மற்றவன் பேசுவான். ஆவணியில் மகள் முருகலட்சுமிக்குப் பரிசம் போட நாள் குறித்திருக்கிறோம். பொய்ச் சத்தியம் பண்ணின வீட்டில் எவன் பெண் எடுப்பான்? இதுவரை விஷயம் கலைச்செல்விக்கும் எனக்கும்தான் தெரியும். ஊரில் கேட்பவர்களுக்குப் பல்லில் சீழ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. சத்தியம் பண்ணினவனும், யாருக்கு எதிராகப் பண்ணினானோ அவர்களும் சேர்ந்து போய்ச் சூடம் ஏற்றினால் அதை இறக்கி வைத்துவிடலாம் என்று பூசாரி சொல்வார். நீ வர வேண்டியதில்லை. 'என் தம்பி சொன்னது உண்மை, எனக்கு அதில் வழக்கு இல்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். கோயிலில் வாசித்துவிட்டு மறுநாளே மதுரைக்குப் போய்ப் படுத்துவிடுகிறேன்.

உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

தர்மராஜ்


தொண்டி,
17 ஜூன் 2024

தர்மராஜுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நோயைப் படித்துவிட்டு அழுதேன். சத்துணவுக் கூடத்தில் பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. இரண்டாம் தடவை நீ கேட்டிருப்பதைப் படித்துச் சிரித்தேன். உனக்கு எவ்வளவு தைரியம்டா!

ஆத்தா என்னை ஒதுக்கிவிட்டாள் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். அதையும் என் கையெழுத்தில். அதையும் ஊரைக் கூட்டி வைத்து வாசிக்க வேண்டும். அப்புறம் நீ நல்லவனாக மதுரைக்குப் போவாய். அப்படித்தானே?

அன்றைக்கு நான் வந்த வரத்து உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆத்தா போய்விட்ட செய்தியை நீ சொல்லி அனுப்பவில்லை. கமுதிச் சந்தையில் மிளகாய் எடுக்கப் போன எங்கள் தெரு சுஐபு பாய் கேள்விப்பட்டுச் சொன்னார். இங்கிருந்து இராமநாதபுரம், அங்கிருந்து கமுதி, கமுதியிலிருந்து ஆட்டோ. வாய்க்கரிசிக்கு ஒரு பிடி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். நீ வாசலில் குறுக்கே நின்றாய். பெத்த மகள், ஆத்தாவின் வாயில் நாலு அரிசி போட விடவில்லை. "ஆத்தா வேண்டாம்னுருச்சு, போ" என்றாய். அந்த வாசலில் அத்தனை பொம்பளைகள் இருந்தார்கள், ஒருத்தியாவது வாய் திறந்தாளா? அந்த அரிசியோடு திரும்பி வந்து இங்கே கடலில் போட்டேன்.

நான் உன்னை நம்பவில்லை. அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆத்தா அப்படிச் சொல்கிறவள் இல்லை. மாசம் ஒரு தடவை உனக்குத் தெரியாமல் பஸ் ஏறி இங்கே வந்துபோனவள் அவள். உத்தரகோசமங்கை கோயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு இங்கே வந்து என் வீட்டில் மீன் குழம்பு தின்றுவிட்டுப் போவாள். கேள், இப்போது சொல்கிறேன்.

இப்போது நோய்க்கு வருகிறேன். பக்கத்து வீட்டு சாலிஹா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். உன் பெயரைச் சொல்லாமல் அவளிடம் கேட்டேன். "நாக்குல வர்றதுக்குக் கத்திதான் முதல் மருந்து, அக்கா. கரண்டு அதுக்கு அப்புறம்தான். நெறியில எறங்கிருச்சுன்னா ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. நாளைக்கே போகச் சொல்லுங்க" என்றாள். யார் என்று கேட்டாள். தெரிந்தவர் என்று சொன்னேன்.

அதனால் கிளம்பிப் போ. ஊர் என்ன பேசினால் உனக்கென்ன? பதினெட்டு வயசிலிருந்து புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு திரிந்தாய். உடைந்த பல்லைப் பிடுங்கச் சோம்பல்பட்டாய். அதில் வந்த நோய் இது. கருப்பசாமிக்கு உன் நாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லையா?

பயமாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. அந்த நாக்கு இருக்கும்போதே அதே கோயிலில் போய் நின்று, நான் பொய் சொன்னேன் என்று சொல். அதற்கு என் தாள் தேவையில்லை.

அமுதவள்ளி


கமுதி பக்கம்,
1 ஜூலை 2024

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுத மாட்டாய் என்று கலைச்செல்வி முன்பே சொன்னாள். நான்தான் உன்னிடம் கொஞ்சம் மனசு இருக்கும் என்று நினைத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஆத்தா சொன்னதைத்தான் சொன்னேன். அதை மாற்றிச் சொல்ல முடியாது.

உன் வாசலை மட்டும் நீ எழுதுகிறாய். என் வாசலில் நடந்ததையும் கேள். நீ விசைப்படகு இஞ்சின் மெக்கானிக் ஒருவரோடு பஸ் ஏறிப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயசு. நாகலெட்சுமியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். தட்டு மாற்றியாகிவிட்டது. நீ போன மூன்றாம் நாள் அவளுடைய அய்யா வந்து தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். "ஓடிப்போனவ வீட்டுக்குப் பொண்ணு தர மாட்டேம்பா" என்றார். நம் அய்யா அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் அவர் இருந்த வரை சந்தைக்குப் போகவில்லை. நீ தொண்டியில் சந்தோஷமாக இருந்தாய். பழுத்த மிளகாய் பறிக்க ஆளில்லாமல் நானும் ஆத்தாவும் வெயிலில் நின்றோம். கலைச்செல்வி நல்லவள், அது வேறு விஷயம். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டப்போவதில்லை.

ஆத்தா கடைசியில் எட்டு மாசம் படுக்கையில் கிடந்தது. யார் பார்த்தார்கள்? நீயா?

மதுரை டாக்டரிடம் கத்தி வேண்டாம், கரண்டு மட்டும் வைத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கரண்டு வைத்தால் வெளியே தெரியாது, தொண்டைப் புண் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்து நோய்க்கு வெறும் கரண்டு பாதி வைத்தியம், பிழைக்கிற வாய்ப்பு குறைந்துபோகும் என்றார். கோபப்பட்டார். படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உத்தரகோசமங்கை பக்கம் ஒரு நாட்டு வைத்தியர் இருக்கிறார். ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார். புண்ணில் எரிச்சல் குறைந்திருக்கிறது.

நீ எழுதாவிட்டால் போ. நான் சாகும்போது உனக்குச் சொல்லி அனுப்பச் சொல்கிறேன்.

தர்மராஜ்


தொண்டி,
21 ஜூலை 2024

தம்பி,

கலைச்செல்வி நேற்று வந்தாள். உனக்குத் தெரியாமல்தான் வந்தாள், அவளைத் திட்டாதே. உன் குடும்பத்துப் பொம்பளைகளுக்கு என் வீட்டுக்குத் திருட்டுத்தனமாக பஸ் ஏறி வருவது பழக்கமாகிவிட்டது.

ஸ்கேன் படத்தையெல்லாம் மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். உட்காரு என்றேன். உட்காரவில்லை. "அண்ணி, அவருக்கு வாய் நாறுது. பக்கத்துல படுக்க முடியல. நான் படுத்துக்கிருதேன், எனக்கு ஒண்ணும் இல்ல. அவரு அதக் கண்டுபிடிச்சிட்டு வெளிய கயித்துக்கட்டில போட்டுக்கிட்டாரு" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். மோரைக் கரைத்து ஊற்றினால்கூட நீ எரிகிறது என்கிறாயாம். பதினோரு கிலோ குறைந்திருக்கிறாயாம். அந்த வைத்தியர் கொடுக்கிற லேகியத்தை மட்டும் ஒழுங்காக நக்குகிறாயாம்.

சாலிஹாவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். இந்த முறை நீ யார் என்று சொல்லிவிட்டேன். அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது ஏப்ரல்ல எடுத்தது. இன்னைக்கு எடுத்தா இப்படி இருக்காது" என்றாள். நெறி என்பது நோயைத் தடுத்து நிறுத்துகிற இடமாம். ஒரு இடத்தில் தடுக்க முடியாமல் போனால் அடுத்த இடத்துக்குத் தாவுமாம். இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் வந்துவிட்டால் பாதி நாக்கை எடுத்தால் போதும் என்ற பேச்சே இல்லை என்றாள்.

அவள் போன பிறகு நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையாகவே உட்கார்ந்தேன். 'கோயில் கமிட்டியாருக்கு' என்று எழுதினேன். 'என் தம்பி தர்மராஜ் சொன்னது' வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. என் ஆத்தா என் கையால் அரிசி வேண்டாம் என்று சொன்னாள் என்று நான் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அப்புறம் அது உண்மையாகிவிடும். உனக்கு ஊர்தான் பெரிசு. எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

ஒரு பேரம் பேசுகிறேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம். கோயிலுக்குப் போக வேண்டாம். எனக்கு மட்டும் எழுது. ஆத்தா கடைசியாக என்ன சொன்னாள் என்று நாலு வரி. படித்துவிட்டுக் கொளுத்திப் போடுகிறேன். அது என் கைக்கு வந்த அன்றைக்கே நீ கேட்ட தாளைக் கேட்டபடி எழுதி அனுப்புகிறேன்.

எனக்குத் தெரிந்தால் போதும்டா. மற்றவர்கள் என்னவும் நினைத்துக்கொள்ளட்டும்.

அக்கா


கமுதி பக்கம்,
7 ஆகஸ்ட் 2024

அக்கா,

நான் சொன்னது சொன்னதுதான். ஊருக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை மதுரையில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். வலது பக்கமும் நெறி கட்டிவிட்டது. புண் நாக்கின் நடுவைத் தாண்டி அடி வரைக்கும் போய்விட்டது. இனிமேல் வெட்டினால் நாக்கு முழுவதையும் எடுக்க வேண்டும். இரண்டு பக்கக் கழுத்தையும் திறக்க வேண்டும். மூச்சுக்குத் தொண்டையில் ஓட்டை போட வேண்டும். சாப்பாடு வயிற்றில் குழாய் வைத்து. பிழைப்பது பத்தில் மூன்று பேர் என்கிறார்கள். ஜூன் மாசம் ஏன் வரவில்லை என்று அந்த டாக்டர் மேஜையைத் தட்டினார். வயல் வேலை என்று சொன்னேன்.

வெட்டாமல் விட்டால் மார்கழி தாண்டாது என்று கலைச்செல்வியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் மறைக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

முழு நாக்கையும் கொடுத்துவிட்டு ஊருக்குள் ஊமையாக வந்து நிற்பதற்கு, இருக்கிற நாக்கோடு போய்விடுவது மேல். அதுதான் என் முடிவு. பரிசத்தை நான் இருக்கும்போதே போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு இனி எழுத மாட்டேன்.

தர்மராஜ்


தொண்டி,
12 ஆகஸ்ட் 2024

தம்பி,

வெள்ளிக்கிழமை ஆடிக் கடைசி வெள்ளி. கோயிலில் ஊர் முழுக்க இருக்கும். காலை பத்து மணிக்கு நான் வருகிறேன். தாள் கீள் எல்லாம் வேண்டாம். நேரில் நின்று வாயால் சொல்கிறேன். நீ பேச வேண்டாம், தலையாட்டினால் போதும்.

சனிக்கிழமை காரில் மதுரைக்குப் போகிறாய். ஆஸ்பத்திரியில் கலைச்செல்வி பேசி இடம் வாங்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசி முடிவு செய்தாகிவிட்டது. உன்னிடம் கேட்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. போகவில்லை. நீ செத்துப்போனால் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவேன்? அதற்காகத்தான் வருகிறேன்.

இதை எழுதும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷமாக உன்னிடம் ஒரு வார்த்தை கெட்டது பேசாத மனுஷன். "போயிட்டு வா, நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன், ஊருக்குள்ள வரல" என்கிறார். ஊருக்குள் வந்தால் உனக்குச் சங்கடமாம்.

அக்கா


மதுரை ஆஸ்பத்திரி,
24 செப்டம்பர் 2024

அக்கா,

ஒரு மாசம் ஆகிவிட்டது. தொண்டைக் குழாயைப் போன வாரம் எடுத்தார்கள். வயிற்றுக் குழாய் இருக்கிறது. தொடையிலிருந்து சதை எடுத்து நாக்கு இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். அது அசையாது. எச்சிலை விழுங்கத் தெரியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறேன். கழுத்திலிருந்து எடுத்த நெறிகளில் ஏழில் நோய் இருந்ததாம். அடுத்த திங்கள் கரண்டும் மருந்தும் சேர்த்துத் தொடங்குகிறார்கள். எதைக் கேட்டாலும் நர்ஸிடம் எழுதிக் காட்டுகிறேன். அந்த நோட்டில் கிழித்த தாள்தான் இது.

அன்றைக்குக் கோயிலில் நீ சொல்லிவிட்டுப் போய்விடுவாய் என்றுதான் நினைத்தேன். பூசாரியே சூடம் ஏற்றிக் கும்பிட்டால் போதும் என்றார். நீதான் அவரை விலக்கிவிட்டுப் போய்க் கையை நீட்டினாய். "எந்தம்பி சொன்னது நெசம். ஆத்தா என்னய வேண்டாம்னுதான் சொல்லுச்சு. இது பொய்யினா என் நாக்கும் அழுகிப் போகட்டும்" என்று சொல்லிச் சூடத்தை அணைத்தாய். அதை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நீ தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் பஸ்ஸுக்கு நடந்து போனாய். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ கேட்ட நாலு வரியை இப்போது எழுதுகிறேன்.

ஆத்தாவுக்குக் கடைசி மூன்று நாள் நினைவு வந்து வந்து போனது. வரும்போதெல்லாம் உன்னைத்தான் கேட்டது. "அமுதா வந்துட்டாளா? வெயில்ல வருவா, தண்ணி குடுங்க" என்றது. நான் போய் முகத்துக்கு நேராக நின்றால், "நீ யாருப்பா? அமுதாவ இங்கன வரச்சொல்லு" என்றது. எட்டு மாசம் மூத்திரம் அள்ளினது நான். துணி அலசினது நான். பெயர் சொல்லிக் கூப்பிட்டது உன்னை. உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று கலைச்செல்வியைத் தடுத்துவிட்டேன். ஒரு நாள் கூப்பிடட்டும், இன்னொரு நாள் கூப்பிடட்டும், ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்லட்டும், அப்புறம் சொல்லி அனுப்பலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டது.

நீ வந்து வாசலில் நின்றதும், "ஏப்பா, மகளுக்கு ஏன் சொல்லி விடல?" என்று யாரோ கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் வந்த பொய். கருமாதி அன்று நீ ஊரைக் கூட்டியபோது அதை விட முடியவில்லை. விட்டால் ஆத்தா என்னை மறந்துபோனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஜூலையில் நீ பேரம் பேசினபோது எழுதியிருக்கலாம். நாலு வரிதான். எழுதி மடித்தும் வைத்தேன். தபாலில் போடவில்லை. நான் பொய்யன் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு நீ தாள் தர மாட்டாய் என்று நினைத்தேன். உன்னை என்னைப் போல நினைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கோயிலில் வாசிக்க வேண்டுமானால் வாசித்துவிடு. நான் தடுக்க மாட்டேன்.

தர்மராஜ்


தொண்டி,
20 அக்டோபர் 2024

தம்பி,

உன் கடிதத்தைச் சத்துணவுக் கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். வெயிலில் வருவாள், தண்ணீர் கொடுங்கள் என்றாளா? என் ஆத்தா அப்படித்தான் சொல்வாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்று கலைச்செல்விக்கு ஆசை. என்னால் முடியவில்லை. மூன்று நாள், தர்மா. மூன்று நாளில் நான் இரண்டு தடவை வந்து போயிருப்பேன்.

கோயிலில் வாசிக்கலாம் என்கிறாய். எப்போது சொல்கிறாய்? ஆவணிக் கடைசியில் முருகலட்சுமிக்குப் பரிசம் போட்ட பிறகு சொல்கிறாய். இனி நான் வாசித்தால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் நிற்கும். நான் வாசிக்க மாட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் கொடுக்கிறாய். இப்போதும் உன் புத்தி மாறவில்லை.

பரிசத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அத்தையாக நான் தூக்க வேண்டிய தட்டை உன் மச்சினன் பொண்டாட்டி தூக்கினாளாம். கலைச்செல்விக்குக் கூப்பிட ஆசைதான். மாப்பிள்ளை வீட்டார்தான், "பெத்த தாயே ஒதுக்கி வச்சவள எதுக்கு நல்ல காரியத்துக்கு?" என்று கேட்டார்களாம். அவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊர் நடுவில் நின்று அப்படிச் சொன்னவள் நான்தானே.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ சொன்னது பொய் என்று அன்றைக்குச் சூடத்தை அணைக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அணைத்தேன். அதே கோயில், அதே வார்த்தை, நானும் பொய்தான் சொன்னேன். இரண்டு மாசம் ஆகிவிட்டது. காலையில் பல் விளக்கும்போது நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. உன் நோய்க்குக் காரணம் புகையிலையும் பல்லும்தான். ஜூன் மாசம் உனக்கு அது தெரிந்திருந்தால் பாதி நாக்கு மிஞ்சியிருக்கும். ஜூன் மாசமே நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் மிஞ்சியிருக்கும். நீ உண்மையைச் சொல்லவில்லை, நான் பொய்யைச் சொல்லவில்லை. இரண்டு மாசத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தின்றோம். உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. முடியவில்லை.

கரண்டு வைத்து வாயெல்லாம் வெந்துபோயிருக்கும் என்று சாலிஹா சொன்னாள். கொடுத்த மருந்தை விடாமல் கொப்பளி. ஒரு நாள்கூட விட்டுவிடாதே. பாதியில் எழுந்து வந்தாய் என்று தெரிந்தால் மதுரைக்கே வந்து அடிப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வி போன் போட்டு உன் வாயில் வைத்தாளே, நீ ஏதோ சொன்னாய். இரண்டு தடவை சொன்னாய். நான், "சரிடா, புரியுது, புரியுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, தம்பி. என்ன சொன்னாய்?

அக்கா